கோவில் ஜெனரேட்டரும் மாமாவின் பத்து லட்சமும்

கேள்வி: ஐயா, வணக்கம். மியான்மரில் மோல்மீனுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 16, பதினோராம் வகுப்பு படிக்கிறேன். சின்ன இன்ஜின் என்றால் எனக்கு உயிர். இரண்டு வருடமாக அக்கம்பக்கத்துத் தண்ணீர்ப் பம்பு, புல்வெட்டி, ஜெனரேட்டர் எல்லாம் நான்தான் சரிசெய்து தருகிறேன். சிலர் காசு தருவார்கள், சிலர் மாம்பழம் தருவார்கள். வீட்டு வாசலில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை தொடங்க ஆசை. மாமா பத்து லட்சம் கியாட் கடன் தருகிறேன் என்கிறார். அப்பா, படிப்பு போய்விடும் என்று பயப்படுகிறார். போன மாதம் எங்கள் அம்மன் கோவில் ஜெனரேட்டரை மூன்று முறை ரிப்பேர் செய்தேன். முதலில் பிளக் மாற்றினேன், அப்புறம் கார்புரேட்டரைக் கழுவினேன், அப்புறம் கார்புரேட்டரையே மாற்றினேன். தீமிதியன்று ராத்திரி அரை மணி ஓடி நின்றுவிட்டது. கோவில் தலைவர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கா?

பதில்: தம்பி, முதலில் அந்த ஜெனரேட்டரைப் பார்ப்போம். கொட்டகை, கடன், அப்பா எல்லாம் அப்புறம்.

சூடாகும்வரை ஓடி, நின்று, ஆறினபின் மறுபடி ஓடுகிற பெட்ரோல் இன்ஜினில் நான் முதலில் சந்தேகப்படுவது மூன்று இடங்கள். ஒன்று, டேங்க் மூடி. அதில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை இருக்கும். அது அழுக்கில் அடைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். இன்ஜின் நின்ற உடனே மூடியைத் தளர்த்து. 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டு, இன்ஜினும் கிளம்பிவிட்டால் வேலை முடிந்தது. செலவு ஒன்றும் இல்லை.

இரண்டு, எண்ணெய் சென்சார். ஹோண்டா ஜிஎக்ஸ் வகையிலும், அதைப் பார்த்துச் செய்த 168எஃப் சீன இன்ஜின்கள் பலவற்றிலும், எண்ணெய் குறைந்தால் பிளக்கின் தீப்பொறியை வெட்டிவிடும் மிதவை ஒன்று, எண்ணெய் நிற்கும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் இருக்கிறது. எண்ணெய் கொஞ்சம் குறைவாக இருந்து, இயந்திரம் சரிவான தரையில் நின்றால் போதும், நல்ல இன்ஜினும் செத்ததுபோல் ஆகிவிடும். திருவிழா நேரத்தில் கோவிலுக்குப் பின்னால் மணல்மேட்டில் தூக்கி வைத்திருப்பார்கள். நீ உன் வீட்டுச் சிமெண்டுத் தரையில் வைத்துப் பார்த்திருப்பாய். சமதளத்தில் வைத்து, ஊற்றும் வாயின் விளிம்புவரை எண்ணெய் நிற்கிறதா என்று பார். இந்த வகைக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, 0.6 லிட்டர் பிடிக்கும்.

மூன்று, காயில், அதாவது பிளக்குக்குப் பொறி தரும் கம்பிச்சுருள். சூடேறினால் உள்ளே நூல்போன்ற கம்பியின் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த இன்ஜினில் எத்தனை முறை பார்த்தாலும் பொறி நன்றாக வரும். நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் எட்டத்தில், வேறொரு பிளக்கை ஒயரில் மாட்டி இன்ஜின் உடம்பில் ஒட்டிவைத்து இழுத்துப் பார். பொறி இல்லையா? எண்ணெய் சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பார். பொறி வந்தால் சென்சார் பக்கம், வராவிட்டால் பெரும்பாலும் காயில். பார்த்து முடித்ததும் சென்சார் ஒயரைத் திரும்ப மாட்டிவிடு. அதைக் கழற்றியபடி விட்டுவிட்டு "சரியாயிற்று" என்று காசு வாங்குகிறவர்கள் உண்டு. மூன்று மாதத்தில் அந்த இன்ஜின் எண்ணெய் இல்லாமல் இறுகி நிற்கும்.

புதுக் காயில் போட்டால், அதற்கும் பிளைவீல் என்ற சுழலும் கனச் சக்கரத்துக்கும் நடுவே 0.4 மில்லிமீட்டர் இடைவெளி விடு. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் தடிமனான விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் சொருகி முறுக்கு. நான் கற்றுக்கொண்டது கல்யாணப் பத்திரிகை அட்டையில்.

இப்போது உன் மூன்று ரிப்பேரையும் திரும்பிப் பார். நீ மாற்றின சாமான் ஒன்றும் கெட்டிருக்காது. இன்ஜின் நின்ற நேரத்தில் நீ பக்கத்தில் இல்லை என்பதுதான் கோளாறு. ஆறிக் கிடந்ததை இழுத்துக் கிளப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, "ஓடுகிறது" என்று கொடுத்துவிட்டாய். அரை மணியில் நிற்கிற ஜெனரேட்டரை ஒரு மணி நேரமாவது, அதுவும் இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் என்று எதையாவது மாட்டிச் சுமையோடு ஓட்டிப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது. அந்த ஒரு மணி நேரம் உனக்கு இல்லை, பள்ளிக்கூடம், டியூஷன் என்று ஓடுகிறாய். அது உன் தப்பில்லை. ஆனால் நேரம் இல்லை என்று தெரிந்தும் வேலையை எடுத்தாய் பார், அது உன் தப்பு.

"தலைவரே, காரணம் எனக்குப் பிடிபடவில்லை, தீமிதிக்கு வேறொன்று வாடகைக்கு எடுத்துவிடுங்கள்" என்று இரண்டாம் முறையே சொல்லியிருந்தால் அவர் உன்னைத் திட்டியிருக்க மாட்டார். அடுத்த வேலையையும் உன்னிடமே கொடுத்திருப்பார். லாயக்கா என்று கேட்டாய். கை இருக்கிறது, தெரிகிறது. இந்த வார்த்தைதான் இன்னும் வாயில் வரவில்லை.

எனக்கும் அது சீக்கிரம் வந்துவிடவில்லை. 14 வயதில் மோல்மீனில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். ஆறு வருடம் கழித்து, 'நானே சயா', அதாவது நானே வாத்தியார், என்ற நினைப்பு வந்த காலத்தில், ஒரு படகுக்காரர் மாலைக்குள் வேண்டும் என்று டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தார். தன்லுவின் ஆற்றுப் பாலம் திறந்தது 2005-இல். அதற்கு முன்னால் ஆற்றைத் தாண்டி மோட்டமாவுக்குப் போக வேண்டுமென்றால் படகுதான், அதனால் படகு இன்ஜின்தான் எங்களுக்குச் சோறு. கையில் ஏற்கெனவே இரண்டு வேலை. முடியாது என்று சொல்ல மானம் இடம் தரவில்லை. பழைய எண்ணெயை வடித்தேன், நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பி வந்து மூடியைப் பூட்டிக் கொடுத்துவிட்டேன். புது எண்ணெய் ஊற்றவில்லை. நடு ஆற்றில் இன்ஜின் இறுகிவிட்டது. ஆள் சேதம் இல்லை, வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. என் முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் புது பிஸ்டனும் பேரிங்கும் வாங்கிப் போட்டார். அந்த மௌனத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எண்ணெய் வடித்தால் அதன் மூடியை, கிளப்புகிற கயிற்றின் கைப்பிடியிலோ கிராங்க் கம்பியிலோ கட்டித் தொங்கவிடுவேன். ஊற்றாமல் கிளப்ப முடியாது. நீயும் அப்படியே செய்.

சரி, பட்டறைக்கு வருவோம். தொடங்கலாம். ஆனால் பட்டறை என்று சொல்லாதே, பலகையும் மாட்டாதே. சனி ஞாயிறு ஒரு மேஜை, அவ்வளவுதான். எதை எடுப்பாய், எதை எடுக்கமாட்டாய் என்று முதலிலேயே ஊருக்குத் தெரியட்டும்.

பெட்ரோலில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் தண்ணீர்ப் பம்பும், ஜெனரேட்டரின் இன்ஜின் பகுதியும் எடு. 168எஃப் குடும்பத்தை நன்றாகப் படித்துவிட்டால் உன் கிராமத்துக்கு வரும் வேலையில் பெரும்பகுதி அதுதான். வால்வு இடைவெளி உள்வழிக்கு 0.15, வெளிவழிக்கு 0.20 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 என்று மனப்பாடமாக இருக்கட்டும். சாலையோரப் பாட்டில் பெட்ரோல் நம் ஊர் கார்புரேட்டர்களுக்கு எமன். முதல் வேலையாகக் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடிக் கிளாஸில் வடி. தண்ணீர் இருந்தால் அடியில் முத்துப்போல் தனியாக நிற்கும். அதைச் சொந்தக்காரருக்குக் காட்டு, அப்போதுதான் கூலி கொடுக்கும்போது முகம் சுளிக்கமாட்டார். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் துளையை ஊசியால் குத்தாதே. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கணக்கு கெட்டுப்போகும். மின்சார ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை, இல்லாவிட்டால் தூண்டில் நரம்பு, அதுவே போதும்.

இரண்டு ஸ்ட்ரோக் புல்வெட்டியும் எடுக்கலாம், ரப்பர் தோட்டக்காரர்கள் கொண்டுவருவார்கள். ஆனால் மேஜையில் வைக்கும் முன்னால் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டனைப் பார். பக்கவாட்டில் நீளநீளமாகக் கீறல் இருந்தால் யாரோ எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நீ கார்புரேட்டரைக் கழுவி ஒன்றும் ஆகப்போவதில்லை, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடு. நல்லதாக இருந்தால், கொடுக்கும்போது கலக்கும் அளவைச் சொல்லிக் கொடு. 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. எது என்று அந்த இயந்திரத்தின் கையேட்டிலோ டேங்கிலோ போட்டிருக்கும்.

மோட்டார் சைக்கிள் வேண்டாம். உனக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரியும். நீ பூட்டின பிரேக்கை நம்பி ஒருவன் பிள்ளைகுட்டியை ஏற்றிக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் போவான். அதைத் தாங்கும் வயது 16 இல்லை. அப்புறம் நம் பக்கம் ஓடுகிற வண்டிகளில் பதிவில்லாத 'வித்தவுட்' எத்தனை என்று உனக்கே தெரியும். பதிவில்லாத வண்டி உன் வாசலில் நிற்கும் அன்றைக்கு விசாரணை வந்தால் பதில் சொல்லப்போவது உன் அப்பா.

டோலாஜி என்கிற கிராமத்துச் சுமை வண்டி, கை டிராக்டர், இவற்றின் பெரிய ஒற்றைச் சிலிண்டர் டீசலும் இப்போதைக்கு வேண்டாம். கிராங்க் கம்பி திருப்பி அடித்தால் மணிக்கட்டு உடையும். இன்ஜெக்டரில் இருந்து பீய்ச்சும் டீசல் விரலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி குத்தியதுபோல்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் ஒரு விரல் போயிற்று. இதை ஒரு நல்ல சயாவுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள். கோடை விடுமுறையில் அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஜெனரேட்டரின் மின்சாரப் பகுதி, வீட்டு ஒயரிங், இரண்டையும் தொடாதே. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் செய்து, வீட்டு சாக்கெட்டில் சொருகி, ஜெனரேட்டர் கரண்டை வீடு முழுவதும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் வெளிக் கம்பிக்கும் போகும். கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளி செத்துப்போவார். அந்த ஒயரை உன்னிடம் செய்யச் சொல்லி வருவார்கள், நல்ல காசும் தருவார்கள். மாட்டேன் என்று சொல். 'இன்னும் கொஞ்சம் பவர் வேண்டும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துவிடு' என்று கேட்பவர்களுக்கும் அதே பதில். இந்தச் சின்ன ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். கூட்டினால் பவர் வராது, அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் போகும்.

கூலி விஷயத்தில் என் பழக்கம் ஒன்று சொல்கிறேன். கியாட் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. அதனால் நான் கூலியைப் பிளக் கணக்கில் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்து இன்ன கோளாறு என்று சொல்ல ஒரு பிளக் விலை. கார்புரேட்டர் கழுவிப் பூட்ட மூன்று பிளக். வால்வு சரிசெய்ய இரண்டு. பிளக் விலை ஏறினால் என் கூலியும் தானாக ஏறும், யாரும் சண்டைக்கு வருவதில்லை. பார்ப்பதற்கு மட்டும் கூலியா என்று கேட்பார்கள். ரிப்பேர் செய்யச் சொன்னால் அதைக் கழித்துக்கொள். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு போனால் அது உன் நேரத்துக்கு. மாம்பழத்தை வேண்டாம் என்று சொல்லாதே, ஆனால் அதை நோட்டில் எழுது.

நோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. எந்த இயந்திரம் வந்தாலும் தேதி, கொண்டுவந்தவர், இன்ஜின் நம்பர், என்ன சொன்னார், நீ என்ன பார்த்தாய், என்ன மாற்றினாய், எத்தனை நிமிடம் ஓட்டிப் பார்த்தாய் என்று எழுது. வந்த நிலையில் போனில் ஒரு படம். திருட்டு இயந்திரம் வந்தாலும், "நான் கொடுத்தபோது இந்த நட்டு இருந்தது" என்ற தகராறு வந்தாலும் அதுதான் உன் சாட்சி. மாற்றின பழைய சாமானை ஒரு பையில் போட்டுச் சொந்தக்காரரிடமே கொடுத்துவிடு.

மாமாவின் பத்து லட்சத்தை வாங்காதே. மாமா நல்லவர்தான், சந்தேகம் இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் நீ செய்யும் ஒப்பந்தம் செல்லாது. கடன் உன் பெயரில் இருக்காது, அப்பாவின் தலையில்தான் ஏறும். அதைவிடப் பெரிய விஷயம், கடன் வாங்கினவனால் வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. தவணை இருக்கிறதே என்று மோட்டார் சைக்கிளையும் எடுப்பான், டோலாஜியையும் எடுப்பான், தேர்வுக்கு முந்தின நாளும் எடுப்பான்.

உனக்கு இப்போது தேவை 8 முதல் 19 வரை ஸ்பேனர், 21 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட், ஃபீலர் கேஜ், ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர், பிளைவீல் இழுப்பான், நல்ல வெளிச்சம். இதற்குப் பத்து லட்சம் வேண்டாம். மாமா ஆசைப்பட்டால் மல்டிமீட்டரை வாங்கித் தரச் சொல், பரிசாக. மீதியை வேலை வரவர ஒவ்வொன்றாக வாங்கு. காசாகச் சேர்க்காமல் கருவியாகச் சேர்ப்பது எனக்கு ஒரு வியாதி. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். பட்டறையில் சேர்த்த என் சம்பளம் முழுவதும் 75 கியாட் நோட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. அதே வருடம் வாங்கிய ஜப்பான் ஸ்பேனர் இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

கொட்டகை போடுவதானால் மூன்று பக்கம் திறந்திருக்கட்டும். இன்ஜின் புகைக்கு வாசனை தெரியாத விஷம் ஒன்று உண்டு, மூடின இடத்தில் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஆளையே கொல்லும். பெட்ரோலைச் சேர்த்து வைக்காதே. அவரவர் இயந்திரத்தோடு கொஞ்சம் கொண்டுவரட்டும், மீதியை எடுத்துக்கொண்டு போகட்டும். பின்னாளில் பலகை மாட்டிக் கடையாக நடத்தினால் உரிமம் அப்பா பெயரில் எடுக்க வேண்டியிருக்கும். இப்போதைக்குக் கிராம அலுவலகத்தில் அப்பா ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது.

அப்பாவிடம் ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு போ. நம் பள்ளிக்கூடம் ஜூனில் திறந்து மார்ச் தேர்வோடு முடிகிறது. மார்ச் முதல் மே வரை அணைகளில் தண்ணீர் இறங்கிக் கரண்ட் போகிற காலம், கிணறு வற்றிப் பம்பு ஓடுகிற காலம். உன் தொழிலின் உச்சமும் உன் விடுமுறையும் ஒரே நேரத்தில் வருகிறது, இப்படிப் பொருந்துவது அபூர்வம். தீஞ்சான் புத்தாண்டு வாரத்தில் உதிரிபாகக் கடை திறக்காது. அதற்கு முன்னால் பத்துப் பிளக், நாலு டயாஃப்ரம், கொஞ்சம் பெட்ரோல் குழாய் வாங்கி வைத்துக்கொள். இந்தக் கோடையில் வாரம் நாலு நாள் மோல்மீனிலோ முடோனிலோ ஒரு டீசல் பட்டறையில் சம்பளம் கேட்காமல் நில், மீதி நாள் உன் மேஜை. பன்னிரண்டாம் வகுப்பில் நவம்பர் தொடங்கித் தேர்வு முடியும்வரை மேஜையை மூடு. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடு. அவர் உன் தொழிலுக்குப் பயப்படவில்லை, உன்னால் நிறுத்த முடியாது என்றுதான் பயப்படுகிறார்.

1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது என் தாத்தாவின் ஜவுளிக்கடையும் போயிற்று. பக்கத்துத் தெருவில் சைக்கிள் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் கையில் இருந்ததை யாரும் எடுக்க முடியவில்லை. அதனால் எங்கள் வீட்டில் தொழில் என்றால் ஒரு மரியாதை. ஆனால் அதற்காகப் படிப்பைக் குறைத்துப் பேசமாட்டேன். ஹோண்டா கம்பெனியைத் தொடங்கின சோய்ச்சிரோ ஹோண்டா 15 வயதில் டோக்கியோவில் ஒரு பட்டறையில் சேர்ந்தவர். பிஸ்டன் ரிங் செய்யப் பார்த்து, செய்தது எல்லாம் உடைந்துபோனபோது, உலோகத்தைப் பற்றித் தெரியவில்லையே என்று முப்பது வயதில் ஹமமட்சு தொழில்நுட்பப் பள்ளியில் சின்னப் பையன்களோடு போய் உட்கார்ந்தார். தேர்வு எழுதமாட்டேன் என்று சொல்லிப் பட்டம் வாங்காமலே வந்ததும் உண்மைதான். அந்த வரியை அப்பாவிடம் படித்துக் காட்டாதே.

இந்த ஞாயிறு கோவிலுக்குப் போ. தலைவரிடம் காசு வேண்டாம், ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க அனுமதி மட்டும் கொடுங்கள் என்று கேள். சமதளத்தில் வை, எண்ணெய் பார், சுமை கொடு, புத்தகம் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே உட்கார். நின்றதும் மூடி, சென்சார், காயில் என்ற வரிசையில் பார். மூன்றில் எது என்று எனக்கு எழுது. நான் காயில் மேல் ஒரு பிளக் பந்தயம் கட்டுகிறேன்.